வாரத்துக்கு நாற்பது சொல்

ஹெலன்ஸ்பரா
14 ஜனவரி 1985

ரோனா,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அந்த அளவுக்கு நாம் இன்னும் சமாதானம் ஆகவில்லை. உன்னைப் பார்க்கக் கூடாது, உன்னோடு பேசக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஐந்து மைல் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

மீன் வறுவல் கடை வரிசையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "உங்க அப்பா சுடற ரொட்டியத் தின்னுட்டுத்தான்டி ஒருத்தன் அந்த அணுகுண்டுப் பட்டனை அமுக்குவான்!" கடை முழுக்கக் கேட்டது. கடைக்காரர் உப்பு போடுவதை நிறுத்திவிட்டார். உன் அம்மா குளியலறைகூட இல்லாமல் வாளித் தண்ணீரில் குளிப்பதைப் பற்றி நான் திருப்பிச் சொன்னதும் நினைவிருக்கிறது. வாளி உண்மைதான். ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது எழுதுவதற்கு இரண்டு காரணங்கள்.

வியாழக்கிழமை அப்பா சமையல்காரராக இருக்கும் நீர்மூழ்கி போய்விட்டது. பத்து வாரம் ஆகலாம் என்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏவுகணைகளோடு மறைந்து கிடப்பதுதான் அதன் வேலை. அவர் எங்களுக்கு ஒரு சொல்கூட அனுப்ப முடியாது. நாங்கள் வாரத்துக்கு நாற்பது சொல் அனுப்பலாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. போவதற்கு முன் அவர்கள் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். கடலுக்கடியில் இருக்கும்போது வீட்டில் யாராவது இறந்தால் உடனே சொல்ல வேண்டுமா, கரைக்கு வந்தபின் சொன்னால் போதுமா என்று கேட்கும் படிவம். இந்த முறை அப்பா அதைச் சமையலறை மேசையில் வைத்து நிரப்பினார். 'சொல்ல வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

அம்மா கேட்டார்: "நான் செத்தாக்கூட உனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? நீந்தி வரவா? நூத்தி நாப்பது பேருக்கு மாவு பிசையணும். அழுதுட்டே பிசைஞ்சா உப்பு கூடிப்போயிடும்."

அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அப்பா சொன்னது சரியாகப் பட்டது. பிறகு தவறாகப் பட்டது. இப்போது தெரியவில்லை.

இரண்டாவது காரணம். ஜெடஸ் சார் ஒரு பட்டிமன்றம் வைக்கிறார், பிப்ரவரி இருபதாம் தேதி, ஊர் மன்றத்தில். 'இந்த நாடு அணு ஆயுதங்களுக்குச் செலவிடுவதை நிறுத்தி அவற்றைக் கைவிட வேண்டும்' என்பது தலைப்பு. தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எனக்கு 'ஆதரித்து' என்று வந்துவிட்டது. நூலகத்தில் இதைப் பற்றி இரண்டு புத்தகங்கள்தான் இருக்கின்றன. ஒன்றில் நடுப்பக்கங்களைக் காணோம். உன் அம்மாவிடம் துண்டுப் பிரசுரங்கள் இருக்குமே. கொஞ்சம் அனுப்புவாயா?

உன் (முன்னாள்?) தோழி,
இஷ்பெல்

*

அமைதி முகாம், மூன்றாவது கேரவன்
ஃபாஸ்லேன்
18 ஜனவரி

முன்னாள் தோழி இஷ்பெல் அவர்களுக்கு,

உன் கடிதத்தை அம்மா சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார். வாளி வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அது உறைந்துபோய்க் கிடக்கிறது. குளிப்பது என்ற பேச்சே இல்லை. ஆகையால் நீ சொன்னது காலாவதியாகிவிட்டது.

ஆக, குலுக்கலில் சீட்டு விழுந்ததால் நீ அமைதி விரும்பி ஆகிவிட்டாய். வேறு சீட்டு விழுந்திருந்தால் உன் அப்பாவின் கப்பல்தளத்தில் பிரசுரம் கேட்டிருப்பாய், இல்லையா?

கட்டாக அனுப்பியிருக்கிறேன். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. பழைய கப்பல்களை எடுத்துவிட்டுப் புதியவை வாங்க எழுநூற்றைம்பது கோடி பவுண்ட் ஆகும் என்று போட்டிருக்கிறது. அந்த எண் என் மண்டையில் உட்கார மறுக்கிறது. அம்மாவுக்கு மட்டும் உட்கார்ந்துவிட்டது. இருபது வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர் அல்லவா. அந்த வார்டைக் காசில்லை என்று மூடிய அன்றைக்கு வந்து சொன்னார், "நம்ம வார்டு ஒரு வருஷத்துக்குக் கேட்ட காச அவங்க காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவுல செலவழிச்சுடுவாங்க, ரோனா." அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்து இங்கே, கப்பல்தள வாயிலில் போராடுகிறவர்களின் முகாமுக்கு, வந்துவிட்டோம். அந்தக் கணக்கு சரியா என்று நான் போட்டுப் பார்த்ததில்லை. நீ போட்டுப் பார்ப்பாய்.

ஒரே ஒரு கேள்வி. நீ இதை நம்புகிறாயா, அல்லது நன்றாகப் பேசப் போகிறாயா?

உன் அப்பாவை நான் கொலைகாரன் என்று சொல்லவில்லை. ரொட்டி என்றுதான் சொன்னேன்.

ரோனா

*

ஹெலன்ஸ்பரா
7 பிப்ரவரி

ரோனா,

நான் மனப்பாடம் செய்த எண் செல்லாது. தொள்ளாயிரம் கோடிக்கும் மேலே போய்விட்டது என்று செய்தித்தாளில் வந்திருக்கிறது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கூடிவிட்டது. உன் அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எதை எதோடு சேர்ப்பது என்பதைப் பொறுத்து காலைச் சாப்பாடு முதல் மதியம் வரை என்றும் வருகிறது, மறுநாள் காலை வரை என்றும் வருகிறது. ஜெடஸ் சாரிடம் கேட்டால் "மேடையில முதல் கணக்கச் சொல்லு" என்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை.

கிரீனக்கில் இருந்த தாத்தா, அப்பாவுடைய அப்பா, போன வியாழக்கிழமை இறந்துவிட்டார். கடைக்குப் போய் வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அடக்கம் நடந்தது. பெட்டியைக் குழியில் இறக்கும் கயிற்றைப் பிடிக்க வேண்டிய மகன் எங்கேயோ கடலுக்கடியில் இருக்கிறார். அவருடைய கயிற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார்.

அப்பா 'சொல்ல வேண்டாம்' என்று குறியிட்டிருக்கிறாரே. அதனால் சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாற்பது சொல்லையும் எப்போதும் நான்தான் எழுதுவேன். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. கடைசி ஐந்தாறு சொல் தாத்தாவுக்கு. திங்கட்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, தன் ஊர் கோல்கீப்பரைத் திட்டுவார். அதை அப்படியே எழுதிக்கொள்வேன். 'அவனுக்குக் கையா அது, ஈரத் துண்டு' என்பது போல. அப்பா அதைக் கப்பலில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவாராம்.

இந்த வாரம் என்ன எழுதுவது? "தாத்தாவப் பத்தி ஒண்ணும் எழுதாத" என்றார் அம்மா. எழுதாவிட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்றேன். "அப்ப எழுது. என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். பாத்திரம் ஏற்கெனவே கழுவியிருந்தது.

நானே ஒரு வசவை இட்டுக்கட்டி எழுதினேன். 'தாத்தா சொன்னது: அவனைவிடக் கம்பம் நன்றாகத் தடுக்கும்.' தாத்தா சொல்லக்கூடியதுதான். அடக்கம் முடிந்து வந்து, கறுப்புக் காலுறையைக்கூடக் கழற்றாமல், அதை எழுதினேன். தாள்களை வாங்கி அனுப்பும் கடற்படைக் குடும்ப அலுவலகத்தில் பெட்டிகுரூ அம்மா சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க தாத்தா விடமாட்டாரே!" என்றார்.

நான் பொய்க்காரியா, கீழ்ப்படிகிறவளா? கீழ்ப்படிகிறேன் என்றால், யாருக்கு?

இஷ்பெல்

*

ஃபாஸ்லேன்
11 பிப்ரவரி

இஷ்பெல்,

தாத்தாவுக்காக வருந்துகிறேன். உண்மையாகத்தான். என்னை 'சிவப்புத் தலை' என்று கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தவர். அம்மாவும் சொல்லச் சொன்னார்.

இனி நான் சொல்வது உனக்குப் பிடிக்காது. ஒரு தகவலை மறைக்கிறாய். மறைத்ததை மறைக்க இன்னொன்றை இட்டுக்கட்டுகிறாய். ஒரு அம்மா உட்கார்ந்து அதை எண்ணிப் பார்த்து முத்திரை குத்துகிறார். உன் வீட்டிலேயே ஒரு பாதுகாப்பு அமைச்சகம் நடத்துகிறாய். இதை வைத்துக்கொண்டு இருபதாம் தேதி மேடையேறி, அரசாங்கம் மக்களிடம் உண்மை பேச வேண்டும் என்று சொல்லப் போகிறாயா?

செத்தவர் வாயில் சொல்லைத் திணிக்காதே. அது அவருக்கும் மரியாதை இல்லை, உன் அப்பாவுக்கும் மரியாதை இல்லை. உண்மையை எழுது. எழுத விடவில்லையென்றால் ஒன்றும் எழுதாதே. வெறுந்தாளைக் கொடு. வெறுந்தாள் பொய் சொல்லாது, யாரையும் காயப்படுத்தாது.

நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். ஆனால் எனக்கு எழுத அப்பா இல்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

ரோனா

*

ஹெலன்ஸ்பரா
22 பிப்ரவரி

ரோனா,

செய்துவிட்டேன்.

போன வாரமும் ஒரு வசவை இட்டுக்கட்டியிருந்தேன். அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. பத்தொன்பதாம் தேதி உண்மையை எழுதிக்கொண்டு போனேன். சரியாக நாற்பது சொல். பெட்டிகுரூ அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணு, இத நான் அனுப்ப முடியாது. உங்க அப்பாவே வேணாம்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அப்ப இத" என்று வெறுந்தாளை நீட்டினேன்.

"இதுல ஒண்ணும் இல்லையே?"

"ஆமா."

"சரி, உங்க லாமண்ட் வீட்டுலேர்ந்து இந்த வாரம் தாள் இல்லைன்னு குறிச்சுக்கறேன்" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. அந்த லேசு பேருந்து நிறுத்தம் வரை இருந்தது.

மறுநாள் பட்டிமன்றம். கடற்படைக் குடும்பங்களே முக்கால்வாசிக் கூட்டம். எண்களைச் சொன்னேன், வார்டைச் சொன்னேன். எதிர்த்துப் பேசியவன் ஈவன் மக்ஃபேடியன். அவன் எண்ணே சொல்லவில்லை. "அந்தக் கப்பல் எங்க இருக்குன்னு தெரியாது, எப்ப வரும்னு தெரியாது, என்ன நினைக்குதுன்னு தெரியாது. அந்தத் தெரியாமைதான் நம்மளக் காப்பாத்துது. எதிரி அந்த மௌனத்தப் பாத்துப் பயப்படறான்" என்றான். கைதட்டினார்கள். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. மௌனத்தைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன என்று தெரியவில்லை. மறுபடியும் வார்டைச் சொன்னேன். கை தூக்கச் சொன்னபோது அறுபத்தொன்றுக்கு நாற்பது. தோற்றுவிட்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், பேசிக்கொண்டிருந்தபோது நான் அதை நம்பினேன். ஈவன் பேசியபோது அவனையும் நம்பினேன்.

வெறுந்தாள் விஷயம் இன்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. "இனிமே நான் எழுதிக்கறேன்" என்றார். தாத்தா பெயரை எடுக்கவே மாட்டாராம். 'எல்லோரும் நலம், இஷ்பெல் நன்றாகப் படிக்கிறாள்' என்று எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

இஷ்பெல்

*

ஃபாஸ்லேன்
4 மார்ச்

இஷ்பெல்,

சுருக்கமாகத்தான் எழுதுகிறேன். குளிரில் விரல் வளையவில்லை. வேலிக்கம்பியை வெட்டியதற்காக அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அபராதம் கட்ட மாட்டேன் என்று சொன்னதால் ஒரு மாதம் உள்ளே. முகாமில் மற்றவர்கள் என்னைக் கவனித்துக்கொள்கிறார்கள். தினமும் பருப்பு சூப். மனிதகுலத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு வேறு எதுவும் சமைக்கத் தெரியாது.

வெறுந்தாள் கொடுத்தது சரி. அறுபத்தொன்றுக்கு நாற்பதும் மோசமில்லை. கடற்படைக் குடும்பங்கள் முக்கால்வாசி என்கிறாய். அப்படியானால் அவர்களிலும் யாரோ சிலர் உனக்குக் கை தூக்கியிருக்கிறார்கள். யார் என்று யோசித்தாயா?

ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்குத் தெரியக் கூடாது. நேற்று மழையில் கப்பல்தள வாயிலில் நின்றுகொண்டிருந்தேன். காவல்காரர் ஒருவர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "உங்கம்மா அடாவடிதான், ஆனா என் ரெண்டாவது பையனப் பிரசவம் பார்த்தவங்க" என்றார். குடித்துவிட்டேன். சர்க்கரை இரண்டு கரண்டி. அவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

ரோனா

*

ஹெலன்ஸ்பரா
25 மார்ச்

ரோனா,

அப்பா வந்துவிட்டார். வியாழக்கிழமை வந்தார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் புரியும் என்று நினைக்கிறேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. நான் கதவைத் திறந்தேன். அப்பா பையைக் கீழே போட்டுவிட்டு என் தலையைத் தொட்டார். பிறகு காதுகளை. பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார், பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தாத்தாவுக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, உருளைக்கிழங்கு தோல் சீவும்போது சொன்னார்.

"நடுவுல ஒரு வாரம் தாள் வரல. எல்லாருக்கும் வந்துச்சு, எனக்கு மட்டும் வரல. மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். அடுத்த வாரம் வந்துச்சு. ஆனா அது நீ எழுதினது இல்ல. உங்கம்மா எழுதினது. 'எல்லாரும் நலம், இஷ்பெல் நல்லாப் படிக்கிறா.' நீ எழுதினா எந்தப் புத்தகம் படிக்கிறேன்னு எழுதுவ. தாத்தா வசவும் இல்ல. அதையும் நீதான் எழுதுவ. உடனே புரிஞ்சுபோச்சு."

"என்னப்பா புரிஞ்சுது?"

"நீ போயிட்டேன்னு."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"நலம்னு எழுதியிருந்துச்சேப்பா."

"அதத்தானே எழுத முடியும்? சொல்ல வேணாம்னு நான்தானே குறி போட்டேன். நீ உயிரோட இருந்தாலும் நலம்னுதான் வரும். செத்திருந்தாலும் நலம்னுதான் வரும். ஒவ்வொரு வாரமும் வந்துச்சு, இஷ்பெல் நலம், இஷ்பெல் நலம்னு. ஒவ்வொரு வாரமும் உன்னைப் புதைச்சேன். யார்கிட்டயும் கேக்க முடியாது. மேல கேள்வி அனுப்ப வழியே கிடையாது. மூணு வாரத்துக்கு மேல. மாவு பிசைஞ்சேன், அடுப்புல வச்சேன், எடுத்தேன்."

பிறகு சொன்னதை அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை. கரை சேர்ந்ததும் பாதிரியார் அவரைத் தனியே அழைத்துப் போய், வீட்டில் ஒரு துக்கம் என்று ஆரம்பித்தாராம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "உங்க தந்தை..." என்றதும், அப்பா சத்தமாக, "நல்லவேளை!" என்றாராம்.

"எங்கப்பா செத்துட்டார்னு சொல்றாங்க, நான் நல்லவேளைங்கறேன். மூளை குழம்பிப்போச்சுன்னு அந்தப் பாதிரியார் நினைச்சிருப்பார். என்னைப் பெத்தவருக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான், இஷ்பெல்."

கிழங்கு கறுத்துப்போயிருந்தது. இருவரும் தொடவில்லை.

ரோனா, ஈவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். ஒரு மாதம் தாமதமாகக் கிடைத்திருக்கிறது. மௌனத்தைப் பார்த்து எதிரி பயப்படுகிறான் என்றான் அல்லவா? என் அப்பா எதிரி இல்லை. நாங்கள் அவருடைய சொந்த வீட்டார். நாங்கள் 'நலம்' என்று எழுதியதையே அவரால் நம்ப முடியவில்லை. ஒரு வெறுந்தாளைத் தப்பாகப் படித்தார். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு எதிரி நாட்டுக்காரர்கள், தொள்ளாயிரம் கோடி கொடுத்து வாங்கிய மௌனத்தை, ஒவ்வொரு நாளும் ஒரு தடவைகூடத் தப்பில்லாமல் படிக்க வேண்டுமாம். இதற்குத்தான் அந்தக் காசு. இப்போது கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன். சீட்டுக் குலுக்க வேண்டியதில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். "இருக்கலாம். நான் சமையல்காரன்" என்றார். ஜூன் மாதம் மறுபடி போகிறார். போக வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வீட்டு வாடகையும் சாப்பாடும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். அது உண்மை இல்லை. யோசனை உன்னுடையது என்று அவரிடம் சொல்லவும் இல்லை. தாளைக் கொடுத்தது என் கைதான்.

இஷ்பெல்

*

ஃபாஸ்லேன்
28 மார்ச்

அன்புள்ள இஷ்பெல்,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பிறகு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். நீ பள்ளியில் இருக்கும் நேரம் என்று தெரிந்தேதான் வந்தேன்.

உன் அப்பா படியில் உட்கார்ந்து வெயிலில் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். பத்து வாரம் வெயிலே படாமல் அவ்வளவு வெளுத்த மனிதரை நான் பார்த்ததில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "கேரவன் பொண்ணுதானே நீ? அங்க நின்னு எங்க வீட்டையும் முற்றுகை போடறியா?" என்றார்.

போய்ச் சொன்னேன். "அந்த வெறுந்தாள் நான் சொன்னதுதான். யாருக்கும் வலிக்காதுன்னு எழுதினேன்." தயாராக வைத்திருந்த மற்றச் சொற்களை விட்டுவிட்டேன்.

காலணி முனையைத் தேய்த்து முடித்தார். "அம்மாவ விட்டாங்களா?" என்று கேட்டார்.

"வர்ற திங்கட்கிழமைதான்."

"உள்ள சூடாவாவது இருக்கும்." பிறகு தூரிகையைக் கீழே வைத்தார். "நான் ஜூன்ல திரும்பப் போறேன், பொண்ணு. அதுக்குள்ள அந்தக் கப்பல உங்களால நிறுத்த முடியுமா?"

"முயற்சி பண்றோம்" என்றேன்.

"சீக்கிரம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த காலணியை எடுத்துக்கொண்டார்.

கேலி செய்தாரா, கேட்டுக்கொண்டாரா? திரும்பி வரும் வழியெல்லாம் அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நீ அவர் மகள். உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நீயாக ஊகிக்காதே, இஷ்பெல். போய் அவரையே கேள்.

ரோனா